அதே பெயர், வேறு ஆட்டம்: ஆக்‌ஷன் கேம் தொடர்கள் பாணி மாறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களுக்குப் பிறகு பழைய கேம் தொடர் ஒன்றுக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "இது அந்த கேம்தானா?" பெட்டியில் அதே பெயர், அட்டையில் அதே முகம். ஆனால் கன்ட்ரோலரைப் பிடித்த ஐந்தாவது நிமிடத்தில் கை குழம்புகிறது. அந்தக் குழப்பத்தை ஒட்டி என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாத் தொடர்களையும் தொடவில்லை; நான் முழுதாக விளையாடியவற்றை வைத்தே பேசுகிறேன்.

பாணி மாறிவிட்டது என்றால் சரியாக எது மாறியது? கிராஃபிக்ஸா?

கிராஃபிக்ஸ் இல்லை. அது எல்லா கேம்களிலும் மாறிக்கொண்டேதான் இருக்கும். கதையும் இல்லை, கதை தலைகீழாக மாறியும் கேம் அப்படியே இருந்த தொடர்கள் உண்டு.

ஓர் எதிரி உங்களை நோக்கி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை எங்கே நின்று பார்க்கிறீர்கள்? உங்கள் விரல் தானாக எந்த பட்டனுக்குப் போகிறது? அடி தவறிவிட்டால் எவ்வளவு இழக்கிறீர்கள்? இவற்றுக்கான விடை மாறினால் பாணி மாறிவிட்டது என்பேன். இவற்றிலும் முதல் கேள்விதான் மூத்தது. கேமரா இடம் பெயர்ந்தால் மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். ஒரு தொடர் மாறப்போகிறதா என்று தெரிந்துகொள்ள நான் முன்னோட்டக் காணொளியில் வசனத்தைக் கேட்பதில்லை. கேமரா நாயகனுக்கு எத்தனை அடி பின்னால் நிற்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

கேமராவுக்கு அவ்வளவு சக்தியா? கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதே?

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் தொடரை எடுத்துக்கொள்வோம். 1996-இல் பிளேஸ்டேஷனில் வந்த முதல் பாகத்தில் கேமரா அறையின் மூலையில் ஆணியடித்தது போல நிற்கும். பின்னணிகள் முன்கூட்டியே வரைந்து வைத்த படங்கள். அவற்றின் மேல் பாத்திரங்கள் மட்டும் நகரும். அந்தக் கன்சோலின் ஆற்றலுக்கு அவ்வளவு விவரமான மாளிகையைக் காட்ட அதுதான் வழி. அதோடு, அன்று கன்சோலோடு வந்த கன்ட்ரோலரில் கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கும் ஸ்டிக்கே கிடையாது. திசைப் பட்டன்கள் மட்டும்தான். மேல் பட்டனை அழுத்தினால் பாத்திரம் தன் முகம் பார்க்கும் பக்கம் நடக்கும், இடது வலது அழுத்தினால் நின்ற இடத்தில் திரும்பும். டாங்க் ஓட்டுவது போல இருப்பதால் இதற்கு டாங்க் கன்ட்ரோல் என்றே பெயர் விழுந்தது.

இன்று பலரும் இதைக் கேலி செய்கிறார்கள். ஆனால் கேமரா ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாவும் கேமில், ஓடுகிற திசை குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு அன்று இல்லை. இன்னொரு பலனும் இருந்தது. தாழ்வாரத்தின் திருப்பத்துக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்கும். கேமரா உங்களைத்தான் காட்டும், சத்தம் போடுகிறவனைக் காட்டாது. கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள். தோட்டாக்களோ எண்ணினால் இரண்டு கைக்குள் அடங்கும். பயம் முழுவதும் அந்தக் கோணத்தில்தான் இருந்தது.

2005-இல் நான்காம் பாகம் கேமராவை நாயகன் லியானின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தது. ஆரம்பத்தில் வரும் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். ஊரே திரண்டு வருகிறது. வீட்டுக்குள் ஓடிக் கதவை அலமாரியால் அடைக்கிறீர்கள். ஜன்னலில் ஏணி சாய்கிறது, தள்ளிவிடுகிறீர்கள், மீண்டும் சாய்கிறது. வெளியே மரமறுக்கும் இயந்திரத்தின் உறுமல். இப்போது எதிரி எங்கே இருக்கிறான் என்பது நன்றாகத் தெரிகிறது, அதுதான் சிக்கல். முழங்காலில் சுட்டால் தடுமாறுகிறான், ஓடிப்போய் உதைக்கலாம், உதை பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்துச் சாய்க்கும். ஆனால் குறிபார்க்கும்போது நகர முடியாது. முதல் பாகத்தில் "அங்கே என்ன இருக்கிறது?" என்று பயந்தோம், இங்கே "இத்தனை பேரில் யாரை முதலில்?" என்று பதறினோம். மூலையிலிருந்து தோளுக்கு வந்ததுதான் வித்தியாசம். பயத்தின் இனமே மாறிவிட்டது.

2017-இல் ஏழாம் பாகம் இன்னும் முன்னே போய் நாயகனின் கண்ணுக்குள்ளேயே கேமராவை வைத்தது. மீண்டும் ஒரே வீடு, மீண்டும் குறுகிய தாழ்வாரங்கள், மீண்டும் எண்ணிச் சுடும் தோட்டாக்கள். முதல் பாகத்திலிருந்து தோற்றத்தில் மிகவும் விலகியதும் இதுதான், உணர்வில் அதற்கு மிக அருகில் வந்ததும் இதுதான்.

ரெசிடென்ட் ஈவிலிலிருந்து வேறொரு தொடரே பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நான்காம் பாகத்துக்காகத் தொடங்கிய முயற்சிகளில் ஒன்று, ஹிடேகி காமியா தலைமையில், தொடரின் எல்லைக்குள் அடங்காமல் போயிற்று. அதைத் தூக்கியெறியாமல் தனி கேமாக ஆக்கினார்கள். 2001-இல் டெவில் மே க்ரை என்று வெளிவந்தது. அதை இன்று விளையாடினால் மாளிகையும் கோணங்களும் தாய்வீட்டைக் காட்டிக்கொடுக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. எதிரியை வாளால் மேலே எறிந்து, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே அந்தரத்தில் நிறுத்தி வைப்பது இந்தத் தொடரின் அடையாளம். இந்த யோசனை, இந்த இரண்டு தொடர்களையும் உருவாக்கிய கேப்காம் நிறுவனத்தின் இன்னொரு கேமான ஒனிமுஷாவைச் சோதித்தபோது தென்பட்ட ஒரு பிழையிலிருந்து வந்தது. அடிக்க அடிக்க எதிரி கீழே விழாமல் மிதந்துகொண்டே இருந்தான். வேறொருவராக இருந்தால் பிழைப் பட்டியலில் எழுதித் திருத்தச் சொல்லியிருப்பார்.

2013-இல் வந்த டெவில் மே க்ரை மேல் ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? வெறும் தலைமுடி நிறத்துக்கா?

நாயகன் டான்டேயின் வெள்ளை முடியைக் கறுப்பாக்கியதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சத்தம் போட்டவர்கள் பலரும் அதைச் சொல்லித்தான் சத்தம் போட்டார்கள். ஆனால் ஆழமான குறை கையில் இருந்தது. முந்தைய பாகங்களில் ஓர் எதிரியைக் குறிப்பாகத் தேர்ந்து பூட்டிக்கொண்டு, ஸ்டிக்கை முன்னும் பின்னும் தள்ளி வெவ்வேறு அடிகளை வரவழைக்கலாம். பிரிட்டனின் நிஞ்ஜா தியரி ஸ்டூடியோ உருவாக்கிய 2013 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லை. கன்சோலில் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்கள், ஓடிய தொடர் 30-க்கு இறங்கியது. நொடியின் சிறு பங்கில் முடிவெடுக்கப் பழகிய விரலுக்கு இது காலில் மணல் மூட்டை கட்டியது மாதிரி.

நியாயமாகச் சொல்வதென்றால், கேம் மோசமில்லை. சுவர்கள் நகர்ந்து, எழுத்துகள் முளைத்து, ஊரே நாயகனை விழுங்கப் பார்க்கும் அதன் காட்சியமைப்பு முந்தைய பாகங்கள் எதிலும் இல்லாதது. 2015-இல் வந்த திருத்திய பதிப்பில் 60 பிரேமும் வந்தது, பூட்டும் வந்தது. ஆனால் அதற்குள் முதல் அபிப்பிராயம் காய்ந்து இறுகிவிட்டது. 2019-இல் ஹிடேகி இட்சுனோவின் இயக்கத்தில் கேப்காமே ஐந்தாம் பாகத்தைச் செய்து பழைய வழிக்குத் திரும்பியது.

இந்தத் தொடரில் கடினம் கூடியும் குறைந்தும் ஆடியது தனிக் கதை. 2005-இல் மூன்றாம் பாகம் மேற்கு நாடுகளுக்குப் போனபோது, ஜப்பானியப் பதிப்பின் கடின நிலையை அங்கே சாதாரண நிலை என்று பெயர் மாற்றி விற்றார்கள். நான் விளையாடியது அந்தப் பதிப்பைத்தான். மூன்றாவது கட்டத்தில் பனிக்கட்டி மூடிய மூன்று தலை நாய் ஒன்று வரும். அதைத் தாண்ட எனக்கு நான்கு நாட்கள் ஆயின. என் திறமைக் குறைவு என்றே பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

காட் ஆஃப் வாரில் குதிக்கும் பட்டனை ஏன் எடுத்தார்கள்?

கேமரா கீழே இறங்கியதால். 2005 முதல் வந்த கிரேக்கப் பாகங்களில் கேமரா தூரத்தில் நின்று நாயகன் கிரேடோஸைச் சுற்றியுள்ள கூட்டத்தையே காட்டும். சங்கிலியில் கட்டிய இரண்டு கத்திகளும் அதற்குத் தோதானவை. சுழற்றினால் வட்டத்தில் இருப்பவர் அனைவருக்கும் அடி. அந்தத் தூரத்தில் குதிப்பது அழகாகவும் இருந்தது, பயனாகவும் இருந்தது.

2018-இல் கேமரா தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. ஆரம்பம் முதல் முடிவு வரை எங்கும் வெட்டில்லாமல் ஒரே ஷாட்டாக ஓடுகிறது. அவ்வளவு அருகில் ஒருவன் பத்தடி குதித்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். குதிப்பது போனது, முதுகுக்குப் பின்னால் வருபவனை அறிவிக்கச் சிறு அம்புக்குறிகள் வந்தன, கூடவே வில்லோடு ஒரு மகன் வந்தான். அந்த மகன் கதைக்காக மட்டும் வந்தவன் அல்ல. உங்களுக்குத் தெரியாத பக்கத்தை ஒரு பட்டனில் கவனித்துக்கொள்ளும் இரண்டாவது கண்.

இந்தப் பாகத்தின் புதிய ஆயுதமான கோடரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எறிகிறீர்கள், தூரத்தில் ஒருவன் மார்பில் தைத்து அவனை உறைய வைக்கிறது. வெறுங்கையால் இருவரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். முக்கோண பட்டனை அழுத்தினால் கோடரி திரும்பி வருகிறது, வருகிற வழியில் நிற்பவனையும் வெட்டிக்கொண்டு. அது உள்ளங்கையில் வந்து அறையும் நொடியில் கன்ட்ரோலர் சட்டென்று ஓர் அதிர்வு அதிரும், திரையும் இம்மியளவு குலுங்கும். வேலையே இல்லாதபோதுகூட எறிந்து எறிந்து வரவழைத்துக்கொண்டிருந்தேன். பழைய பாகங்களின் மொத்தக் களேபரத்துக்கும் ஈடாக இந்த ஒரு பட்டனை வைத்தார்கள். என் கணக்கில் வியாபாரம் சரியாகவே முடிந்தது.

இயக்குநர் கோரி பார்லாக் தான் தகப்பனானது இந்தக் கதையைப் பாதித்ததாக வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தொடரை ஆக்குகிறவர்களுக்கும் வயதாகிறது என்பதைப் பாணி மாற்றம் பற்றிய பேச்சில் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அசாசின்ஸ் க்ரீட் எப்போது ஆர்பிஜி ஆனது?

2017, ஆரிஜின்ஸ் பாகத்தில். ஆர்பிஜி என்றால், பாத்திரத்தின் நிலையை எண்களாக உயர்த்திக்கொண்டே போகும் கேம் வகை. 2009 முதல் ஆண்டு தவறாமல் முதன்மைப் பாகம் வந்துகொண்டிருந்தது. 2014-இல் யூனிட்டி பிழைகளோடு வெளியாகி நகைப்புக்குள்ளானது. 2016-இல் மூச்சு வாங்க ஓராண்டு இடைவெளி விட்டார்கள். திரும்பி வந்தபோது சண்டையின் அடித்தளமே மாறியிருந்தது.

அதற்கு முன் எதிரிகள் மரியாதையாக வரிசையில் நின்று ஒவ்வொருவராக அடிக்க வருவார்கள். சரியான நேரத்தில் தடுப்பு பட்டனை அழுத்தினால் ஆள் காலி. ஆரிஜின்ஸில் வாள் எதில் படுகிறதோ அதுதான் கணக்கு. எட்டாத வாள் காற்றைத்தான் வெட்டும். அதோடு நிலைகளும் எண்களும் வந்தன. அங்கேதான் பழைய ரசிகர் மனம் முறிந்தது. கூரையிலிருந்து பாய்ந்து, மணிக்கட்டுக் கத்தியைக் கழுத்தில் இறக்குகிறீர்கள். அவன் நிலை உங்களைவிட உயர்ந்தது என்பதால் உயிர்ப்பட்டை கொஞ்சம் குறைந்து, அவன் திரும்பி முறைக்கிறான். கொலையாளி பற்றிய தொடரில் கொலைக்கு முன்அனுமதி தேவைப்பட்டது. பின்னால் வந்த பாகங்களில் ஒரே குத்தில் சாகும்படி அமைப்புகளில் மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். செய்தது தவறென்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒத்துக்கொள்ளும் முறை அது.

2023-இல் மிராஜ் சிறிய நகரம், சிறிய கதை என்று பழைய வழிக்குப் போனது. 2025-இன் ஷேடோஸ் வேறு தந்திரம் செய்தது: ஒளிந்து குத்த நாவோயே, நேருக்கு நேர் மோத யாசுகே. இரண்டு தலைமுறை ரசிகர்களுக்கு ஆளுக்கொரு நாயகரைக் கொடுத்துவிட்டார்கள். சமரசம்தான், ஆனால் புத்திசாலித்தனமான சமரசம்.

திறந்த உலகம் வந்தால் தொடர் கெட்டுவிடும் என்பது சரியா?

தொடரைப் பொறுத்தது. 2017-இல் செல்டாவின் பிரெத் ஆஃப் தி வைல்ட் திறந்த வெளிக்குப் போனபோது, மலையேறுவது, நெருப்பு பரவுவது, ஆயுதம் உடைவது என்று அந்த வெளிக்கென்றே விதிகளைப் புதிதாக எழுதினார்கள்.

டைனஸ்டி வாரியர்ஸின் கதை எதிர்மாறு. தனியொருவனாக ஆயிரம் பேரை வெட்டிச் சாய்ப்பதுதான் அதன் சுவை. அதற்குக் கூட்டம் நெருக்கமாக இருக்க வேண்டும். 2018-இல் ஒன்பதாம் பாகம் சீனாவையே திறந்த வரைபடமாக விரித்தது. இரண்டு போர்களுக்கு நடுவே வெற்று நிலத்தில் குதிரையில் போய்க்கொண்டே இருந்தோம். 2025-இல் டைனஸ்டி வாரியர்ஸ்: ஆரிஜின்ஸ் மீண்டும் எல்லை கட்டிய போர்க்களங்களுக்கு வந்து சேர்ந்தது.

இதே தொடரில் ஒரு வேடிக்கை. 1997-இல் வந்த முதல் பாகம் இருவர் மோதும் சண்டை கேம். 2000-இல் வந்தது முற்றிலும் வேறு வகை என்பதால் ஜப்பானில் பெயருக்கு முன்னால் "புதிய" என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்து எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். மற்ற நாடுகளில் அதை இரண்டாம் பாகம் என்றார்கள். அதனால் வெளியே ஒன்பது என்பது ஜப்பானில் எட்டு.

ஆக்‌ஷன் தொடர் ஒன்று, ஒருவர் மாற்றி ஒருவர் முறைவைத்து அடிக்கும் பாணிக்குப் போனது உண்டா?

யாகுசா. 2005 முதல் தெருச் சண்டை கேம். 2019 ஏப்ரல் முதல் தேதி முறைவைத்து அடிக்கும் காணொளி ஒன்றை வெளியிட்டார்கள். முட்டாள்கள் தினக் கேலி என்று எல்லோரும் சிரித்தார்கள். 2020-இல் அடுத்த முதன்மைப் பாகம் அப்படியே வந்து நின்றது.

ஸ்டூடியோ கைமாறும்போதுதான் பாணி மாறுகிறதா?

பல நேரங்களில் அப்படித்தான். டூம்ப் ரெய்டர் 1996-இல் கோர் டிசைன் செய்தது. அதன் உலகம் கட்டங்களால் ஆனது. ஓடித் தாவ வேண்டுமானால் விளிம்புக்கு வந்து, ஓர் எட்டுப் பின்வாங்கி, ஓடி, சரியான அடியில் தாவ வேண்டும். அளந்து செய்யும் தச்சு வேலை மாதிரி. 2003 பாகம் சறுக்கியதும் தொடர் கிரிஸ்டல் டைனமிக்ஸ் கைக்குப் போனது. நாயகி லாரா விளிம்பைத் தானாகப் பற்றிக்கொள்ளும் நெளிவு சுளிவு வந்தது. அளக்கும் வேலை போயிற்று.

ஆனால் டூம் இந்த விதிக்கு அடங்காது. 1993-இலிருந்து ஐடி சாஃப்ட்வேர்தான் அதன் வீடு. முதல் இரண்டு பாகங்கள் நிற்காமல் ஓடிச் சுடுபவை. 2004-இல் மூன்றாம் பாகம் இருட்டில் ஊர்ந்தது. கையில் டார்ச் இருந்தால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி இருந்தால் வெளிச்சம் இல்லை. 2016-இல் மீண்டும் ஓட்டம். 2020-இன் இட்டர்னலில் தோட்டா தீர்ந்தால் மரமறுக்கும் இயந்திரத்தால் எதிரியைப் பிளந்து நிரப்பிக்கொள்ள வேண்டும், சதுரங்கத்தை ஓடிக்கொண்டே ஆடுவது போல. 2025-இன் தி டார்க் ஏஜஸ் கையில் கேடயத்தைக் கொடுத்து நின்று தாங்கச் சொல்கிறது. ஒரே வீடு, ஒரே பேய்கள். கால்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு.

பழைய பாணி திரும்ப வருமா?

வருகிறது, பெரும்பாலும் பக்கவாட்டு வாசல் வழியாக. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா 1989-இல் பக்கவாட்டில் ஓடும் கேமாகத்தான் தொடங்கியது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதைப் படம் பிடித்து அதன்மேல் வரைந்த அசைவுகள் அவை. 2003-இல் முப்பரிமாணமும், காலத்தைப் பின்னோக்கிச் சுருட்டும் வித்தையும் வந்தன. 2024-இல் தி லாஸ்ட் கிரவுன் மீண்டும் பக்கவாட்டுக்கு வந்தது. ஆனால் அசைவின் வேகம் 1989-உடையதல்ல. நிஞ்ஜா கெய்டன் 2025-இல் இரண்டையும் ஒரே ஆண்டில் செய்தது: பக்கவாட்டில் ரேஜ்பவுண்ட், முப்பரிமாணத்தில் நான்காம் பாகம்.

உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத மாற்றம் எது?

2012-இன் ரெசிடென்ட் ஈவில் 6. எல்லாப் பாணியும் வேண்டும் என்று ஒரே கேமுக்குள் தனித்தனிக் கதைகளாக அடைத்தார்கள்: ஒன்று பயம், ஒன்று போர், ஒன்று துரத்தல். நடுநடுவே திரையில் தோன்றும் பட்டனை அவசரமாக அழுத்தாவிட்டால் சாவு. உண்மையில் அதன் சண்டை அசைவுகள் மிக நுட்பமானவை. தரையில் மல்லாந்து விழுந்தபடியே சுடலாம். ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கக்கூட கேமுக்குப் பொறுமை இல்லை.

நான் இப்போதுதான் வருகிறேன். ஒரு தொடரை முதல் பாகத்திலிருந்தே விளையாட வேண்டுமா?

வேண்டாம். காட் ஆஃப் வாருக்கு 2018 பாகம் போதும். பிடித்தால் பின்னோக்கிப் போகலாம். டெவில் மே க்ரைக்கு மூன்றாம் பாகத்தின் சிறப்புப் பதிப்பு. அதில் கடின நிலைகளைச் சரிசெய்துவிட்டார்கள், என்னைப் போல நாயிடம் கடி வாங்க வேண்டியதில்லை. அசாசின்ஸ் க்ரீடுக்கு இரண்டாம் பாகமும் ஆரிஜின்ஸும், இடையில் ஒரு மாத இடைவெளி விட்டு. அடுத்தடுத்து விளையாடினால் தடுப்பு பட்டனுக்குக் கை போய்க்கொண்டே இருக்கும்.

ரெசிடென்ட் ஈவிலுக்கு மட்டும் முதல் கேமின் ரீமேக்கைப் பாருங்கள் என்பேன். 2002-இல் செய்தது, 2015-இல் புதிய கன்சோல்களுக்கு வந்தது. அமைப்புகளில் இரண்டு வகைக் கட்டுப்பாடு இருக்கும். புதிய வகையில் ஸ்டிக்கைத் தள்ளிய பக்கம் ஓடுவார்கள், எதிரிகளைச் சுற்றிக்கொண்டு தப்புவது எளிது. முதல் ஒரு மணி நேரம் பழைய வகையில் வைத்துவிட்டு, சாப்பாட்டறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குள் நுழையுங்கள். முதல் நடைபிணம் அங்கேதான் குனிந்து உட்கார்ந்திருக்கிறது.